கஞ்சியில் கலந்தது

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுப்போனது. படித்தது மூன்றாம் வகுப்பு. நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்றாள் என் மகள் வயிற்றுப் பேத்தி. வேண்டாம் என்றுவிட்டேன். எனக்காக ஒருத்தி பேசியதே போதும்.

பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருடம் பிசிறு வெட்டினேன். தையலில் நீட்டிக்கொண்டு நிற்கிற நூலை, துணியில் கத்திரி படாமல் வெட்ட வேண்டும். வேலையை விட்டு நின்ற வருடம், பொங்கலூரில் எங்கள் மாட்டுத் தொட்டியில் ஓர் அரச இலை ஊறிக் கிடந்தது. சதையெல்லாம் போய் நரம்பு மட்டும், கொசுவலை மாதிரி. அதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. இலைகளை ஒரு மாதம் ஊறப்போட்டேன். பழைய பல் பிரஷால் சதையைத் தள்ளினேன். கஞ்சி தடவி, கோழிமுட்டையின் பாதிவரைக்கும் ஒட்டிக் காயவைத்துக் கழற்றினேன். கிண்ணம். ஊதினால் நகர்ந்து போகும். யாரும் சொல்லித் தரவில்லை, நானாகக் கண்டது.

பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்த அம்மணி கோயம்புத்தூர்க்காரி, கலைஞராம். நாற்பது வயதிருக்கும். என் ஜன்னலில் இருந்த கிண்ணங்களைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவள், மூன்று மாதம் தினமும் வந்தாள். ஊறப்போடுவது, தேய்ப்பது, ஒட்டுவது எல்லாம் படம் பிடித்துக்கொண்டாள். கஞ்சியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கஞ்சிதானே என்று நினைத்திருப்பாள். அவள் வரும் முன்பே நான் காய்ச்சி இறக்கிவிடுவேன். அதில் ஒன்று கலப்பேன். நானும் மறைக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் பேத்தி போனைக் காட்டினாள். பெரிய கூடம், வெள்ளைச் சுவர். நடுவே இலை நரம்பிலேயே செய்த ஒரு குழந்தைச் சட்டை தொங்கியது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். கீழே நின்று அந்த அம்மணி பேசினாள்.

"இது பல வருஷம் முயற்சி பண்ணி நானே உருவாக்கின முறை. கிராமத்துப் பாட்டி ஒருத்தங்க இலை பொறுக்கிக் கொடுத்தாங்க."

இலை பொறுக்கிக் கொடுத்தேனாம். பேத்தியை நான்கு தடவை போட்டுக் காட்டச் சொன்னேன். நான்கு தடவையும் அதையேதான் சொன்னாள்.

"போன் போட்டு நாலு வார்த்தை கேளுங்க அம்மாயி" என்றாள் பேத்தி.

"இரு கண்ணு. மழை வரட்டும்" என்றேன்.

மழை வந்தது. ஐப்பசி முடிவதற்குள் கார் வந்து வாசலில் நின்றது. அந்த அம்மணி ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். உள்ளே அந்தச் சட்டை. ஒரு கையைக் காணோம், முதுகு முழுக்கப் பூச்சி தின்ற ஓட்டை.

"எல்லாமே இப்படித்தான்மா ஆகுது. அடுத்த மாசம் டெல்லியில வைக்கணும். உங்க ஜன்னல்ல இருக்கறது மட்டும் எப்படிம்மா அப்படியே இருக்கு?"

முதலில் உட்கார வைத்தேன். காபி கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்றும் கேட்டேன்.

"எனக்கென்னங்க அம்மணி தெரியும்? நானு இலை பொறுக்கறவளுங்க."

டம்ளரைக் கீழே வைத்தாள். முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"தப்புதான்மா. இனிமே உங்க பேரையும் போடறேன்."

"போன தடவை போட்டிருக்கோணுமுங்க."

"கஞ்சியில ஏதாவது கலந்தீங்களா? அதை மட்டும் சொல்லுங்கம்மா."

"காபி ஆறுதுங்க, குடிங்க."

குடிக்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். வாசல்வரை போய், பார்த்துப் போய்ட்டு வாங்க என்று வழியனுப்பினேன். அந்தச் சட்டை வீணானது எனக்கும் வருத்தம்தான். அந்த மாதிரி ஒன்றைக் காப்பாற்றக் கஞ்சியில் ஒரு பிடி போதும், அது என் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. இருந்தும் கொடுக்கவில்லை. இனியும் கொடுக்கமாட்டேன். இதை அவள் படித்தாலும் படிப்பாள். படிக்கட்டும்.

"கண்ணு, இங்க வா. மொதல்ல இருந்து சத்தமாப் படி. கஞ்சியில போடறது என்னன்னு எங்கியாச்சும் கை தவறி எழுதீருந்தன்னா, அங்கியே நிறுத்தி அடிச்சுப்போடு."