அண்ணனை நீக்கச் சொன்னவர்

ஜொகூர் பாரு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தபோதுதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். கோத்தா திங்கிக்காரர். மெலிந்த உடம்பு, இஸ்திரி போட்ட பஞ்சாபி சூட். இறந்துபோன அப்பாவின் எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டத்துக்கு அண்ணன் நிர்வாகியாக இருந்தார். அவரை அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கச் சொல்லித்தான் தங்கை வழக்குப் போட்டிருந்தார். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அண்ணனை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.

"உங்க அண்ணன் திருடிட்டார்னு சொல்றீங்களா?" அண்ணனின் வக்கீல் கேட்டதைத் தமிழில் சொன்னேன்.

"இல்லைங்க. அண்ணன் ஒரு காசு எடுக்கல. ஆனா பழக்குலையெல்லாம் மரத்துலயே அழுகிப் போவுது. நிலவரி கட்டல. நிலமே கைய விட்டுப் போவப் போவுது. எத்தனையோ தடவ சொல்லியாச்சு, கேக்க மாட்டேங்கிறாரு."

அதை அப்படியே மலாயில் நீதிபதிக்குச் சொன்னேன். திருடினார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வழக்கு இன்னும் பலமாகியிருக்கும். அவர் சொல்லவில்லை.

நீதிபதி அண்ணனை நீக்கி, தங்கையை நியமித்தார். வெளியே நல்ல மழை. வாசலில் அண்ணன் தனியாக நின்றிருந்தார். தங்கை காரைக் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கிக் கதவைத் திறந்தார்.

"ஏறுங்கண்ணே, வீட்டுல விட்டுர்றேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தங்கை நனைந்துகொண்டே, அண்ணன் வந்து உட்காரும்வரை கதவைப் பிடித்தபடி நின்றார். அந்தக் கட்டடத்தில் எத்தனையோ பேர் ஜெயித்துப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருவர் ஜெயித்துப் பார்த்ததில்லை.