ஜேனின் கொட்டகையில் எழும்பிய கன்று

குஞ்சு, நீ வேலை செய்த பண்ணைக்கு ஒருவழியாகப் போய் வந்துவிட்டேன். நீ நோயில் போன பிறகு வந்த முதல் குளிர்காலம் இது. பண்ணைக்காரி ஜேன், "மாடுகள் கன்று போடும் நேரம், வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டிருந்தார். நான் அதிகம் படிக்கவில்லை. என்றாலும் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

எங்கள் வீடு இருக்கிற ரோவிலில் இருந்து, பால் பண்ணைகள் நிறைந்த கிப்ஸ்லாண்ட் பக்கம், நூறு கிலோமீற்றர் அளவு. காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டு ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பக்கத்து வீட்டுச் செல்வம் அண்ணைதான் கார் ஓடினார்.

"தங்கச்சி, பூட்ஸ் கொண்டு வந்தனீரோ? அது கோயில் வீதியில்லை, சேறு."

"ஓம் அண்ணை. நீங்கள்தான் செருப்போட வந்திருக்கிறியள்."

புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளை. வேலியோரம் அப்போதுதான் பிறந்த கன்று ஒன்று எழும்பாமல் கிடந்தது. ஜேன் அதைக் கொட்டகைக்குள் தூக்கி வந்தார். வாய்க்குள் விரல் வைத்தேன், ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. ஊரில் கன்று பிறந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரால் துடைத்துவிடுவோம். அந்தப் பழக்கத்தில் வாளியைத் தூக்கினேன்.

"நோ, நோ! ஈரம் பட்டால் செத்துவிடும்!" ஜேன் வாளியைப் பறித்துவிட்டு, ஈரம் துடைக்கக் காய்ந்த துவாயைத் தந்தார்.

கை நோகத் தேய்த்தோம். வைக்கோல் பரப்பி, சூட்டு விளக்குப் போட்டு, ஜக்கெற்றும் மாட்டினோம். ஆம், இங்கே கன்றுக்கும் ஜக்கெற் இருக்கிறது! மெல்ல வாய்க்குள் சூடு வந்தது. தாயின் முதல் பாலைப் போத்தலில் கொடுத்தார் ஜேன். கன்று வாய் திறக்கவில்லை. இது தப்பாது என்றே நினைத்தேன்.

ஜேன் அதன் தாடையைத் தடவினார். "குடி, குஞ்சு, குடி."

என் கையில் இருந்த துவாய் விழுந்துவிட்டது.

"வெள்ளைக்காரி எங்கட பாஷையை எங்க படிச்சவ?" என்றார் செல்வம் அண்ணை.

ஜேன் சிரித்தார். "உங்கள் மகள் பழக்கியது. இங்கே எல்லாக் கன்றுக்கும் அதுதான் பெயர். அப்படிச் சொன்னால்தான் குடிக்கும் என்பாள்."

கன்று சப்பத் தொடங்கியது. மத்தியானத்துக்குள் நாலு காலில் நின்றது. பார்த்துக்கொண்டு நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போகிறவர்கள் பண்ணைக்கு முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். பூட்ஸும் பழைய துவாய்களும் கட்டாயம். குளிர்ந்த கன்றை முதலில் காய வையுங்கள், சூடு வந்த பிறகுதான் பால்.

குஞ்சு, அந்தப் பெயரை எல்லாக் கன்றுக்கும் வைத்தாயே, உன்னை அப்படிக் கூப்பிட்டது யார் என்று அவர்களுக்குச் சொன்னாயா?