ஹின்கேயின் காதில் இருந்த காற்று

எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேரை முதலில் கையில் ஏந்தியவள் மருத்துவச்சி ஹின்கே. ப்ரீஸ்லாந்துக் கரையில் கடல்நீரைத் தடுக்கும் அணையின் மேல் முப்பது வருஷமாகச் சைக்கிளில்தான் வருவாள். கார் வாங்கச் சொன்னால், "சேத்துல மாட்டினா யாரு தள்ளுவா, நீயா?" என்பாள்.

அணைமேல் எதிர்காற்று காதைக் குடையும். அதற்காகப் பிசுக்குப் போகாத ஆட்டு ரோமத்தை இரண்டு காதிலும் அடைத்து, மேலே துணி கட்டிக்கொள்வாள். முகத்தை ஒருபக்கம் திருப்பியபடி ஓட்டுவாள். அப்போது இரைச்சல் குறையுமாம். கோழி பார்ப்பதுபோல இருக்கிறது என்று நானே கேலி செய்திருக்கிறேன். வீட்டுக்குள் வந்ததும் கால்மணி நேரம் யாரும் அவளிடம் பேசக்கூடாது. காதுக்குள் இரையும் காற்று அடங்கிய பிறகுதான் மரக் குழலைத் தாயின் வயிற்றில் வைத்துப் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்பாள். இரண்டு வருஷமாக அந்தக் கால்மணி அரைமணி ஆகியிருந்தது. வயசாகிறது என்று நினைத்தோம்.

அந்த நவம்பரில் அவளை அவசரப்படுத்தியது நான்தான். என் மனைவி திரினின் பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. காலையிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை. போன வருஷம் எங்கள் முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோனது. அன்றைக்குக் குழலில் காதை வைத்தபடி ஹின்கே ஒன்றும் பேசாமல் இருந்ததை நாங்கள் மறக்கவில்லை.

"போட்டது போட்டபடி கிளம்புங்கக்கா!" என்று போனில் கத்தினேன்.

அப்படியே கிளம்பிவிட்டாள். காதில் ரோமம் இல்லை, துணி இல்லை. பதினொரு கிலோமீட்டரும் எதிரே வடமேற்குப் புயல். அவள் வந்து இறங்கியபோது நான் உட்காரக்கூட விடவில்லை.

குழலை வைத்தாள். இடம் மாற்றினாள். மறுபடி மாற்றினாள். ஒன்றும் பேசவில்லை.

திரின் என் கையில் நகம் பதியப் பிடித்தாள். "வோப்கே, அன்னைக்கு மாதிரியே இருக்காங்க."

ஹின்கே நிமிர்ந்தாள். அவள் முகத்தில் பயத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"நீ கேளு," என்று என்னிடம் உரக்கச் சொன்னாள். "கேக்குறதை என் கையில தட்டு."

"எனக்கு என்னக்கா தெரியும்?"

அது அவளுக்குக் கேட்கவில்லை. என் தலையைப் பிடித்துக் குழலில் அழுத்தினாள். நிதானமாக ஒரு துடிப்பு கேட்டது. தட்டினேன். மறுகையால் திரினின் நாடியைப் பிடித்திருந்தவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"இது தாயோடது. இன்னும் கீழே."

கீழே ஒன்றுமில்லை. செத்துவிட்டது என்றே நினைத்தேன். இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். எங்கோ ஆழத்தில், அவசர அவசரமாக ஏதோ அடித்தது. தட்டத் தட்ட அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் எண்ணினாள்.

"நூத்தி முப்பத்தெட்டு. உன் பிள்ளை நல்லா இருக்கு, திரின்."

திரின் வாய்விட்டு அழுதாள்.

"இப்படியா பயமுறுத்துவீங்க!" என்று நான் சிரித்தேன். ஹின்கே என் உதட்டையே பார்த்தாள்.

காபி கொடுத்து அடுப்பருகே உட்காரவைத்தேன். அரைமணி போயிற்று. ஒரு மணி நேரமும் போயிற்று. புயலில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் கடகடத்துக்கொண்டிருந்தது.

"காத்து நின்னுடுச்சா, வோப்கே? சத்தமே இல்லையே," என்று கேட்டாள்.

நான் கோழை. ஆமாம் என்று தலையாட்டினேன்.