இடது வளைவில் திணறிய பஸ்

புனேயின் போபோடிச் சந்துகளில் வளர்ந்த தமிழரசிக்கு எந்த இயந்திரத்தைக் கண்டும் தயக்கம் வந்ததில்லை. அப்பா கலியன், பக்கத்தில் கட்கியில் இருந்த வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தியும் மராத்தியும். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்து, தொண்ணூறுகளின் கடைசியில் போசரியில் வண்டிகளுக்கு ஒயரிங் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். சில வருடங்களில் சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அங்கேதான் புது மாதிரி வண்டிகளோடு பழக்கம் ஏற்பட்டது. அவற்றில் எஞ்சினுக்கு ஒரு சின்னக் கணினி, கியருக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, டிரைவரின் முன்னால் இருக்கும் மீட்டர்களுக்கு ஒன்று. முறுக்கிவிட்ட இரண்டே ஒயர்களில் இவையெல்லாம் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். சோப்புப் பெட்டி அளவுள்ள கேட்வே ஒன்றின் ஒரு முனையை வண்டியிலும் மறுமுனையை லேப்டாப்பின் யுஎஸ்பி துளையிலும் செருகினால், அந்தப் பேச்சு முழுவதும் திரையில் ஓடும். முதன்முதலாக அதைப் பார்த்த அன்று தமிழரசி சாப்பிடப் போகவே மறந்துவிட்டாள்.

2007-இல் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு கேட்வே வாங்கினாள். அம்மா விசாலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நல்ல சம்பளத்தை உதறிவிட்டு வண்டி வண்டியாக ஏறி இறங்கப் போகிறாளே என்று அக்கம்பக்கத்தில் புலம்பினாள். தமிழரசி அசரவில்லை. புனேயில் இந்த வண்டிகள் பெருகிக்கொண்டே வந்தன. அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களோ குறைவு. வேலை தன்னைத் தேடி வரும் என்று நம்பினாள்.

அப்படி ஒரு வேலை நகரின் கோந்த்வா பகுதியிலிருந்து வந்தது. பாத்திமா அங்கே டிராவல்ஸ் நடத்தினார். மேலப்பாளையத்துக் குடும்பம், ஆனால் பிறந்ததே புனேயில். கணவர் இறந்தபின் தொழிலைக் கையில் எடுத்தவர். அவரிடம் இருந்ததிலேயே பெரிய ஏசி பஸ் மகாபலேஷ்வர் மலைப்பாதையில் ஏறும்போது திடீர் திடீரென்று இழுவை இழந்தது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் கேட்காது. கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிடும். டீசல் பம்பை மாற்றினார்கள், இன்ஜெக்டர்களை மாற்றினார்கள். பலனில்லை. கடைசியில் பழி டிரைவர் இருதயராஜின் தலையில் விழுந்தது. மலையேற்றத்தில் அவருக்குக் கியர் போடத் தெரியவில்லை என்று பயணிகள் புகார் சொல்ல, பாத்திமாவும் வேறு ஆள் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

பஸ் ஷெட்டில் நின்றது. தமிழரசி டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்து, கேட்வேயைச் செருகி, பட்டனை அழுத்தினாள். அடுத்த நொடி மீட்டர் முட்களெல்லாம் கீழே விழுந்தன. சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன.

"என்னம்மா பண்ணிட்டே?" என்றார் பாத்திமா. குரல் உயரவில்லை, முகம் மட்டும் வெளிறிவிட்டது.

தமிழரசி ஒயரைப் பிடுங்கினாள். முட்கள் எழுந்தன. தவறு தன்னுடையதுதான் என்று அவளுக்கு உடனே புரிந்தது. முந்தின நாள் ஒரு காருக்கு வைத்திருந்த வேகத்திலேயே கேட்வே இருந்தது. பஸ்ஸுக்கு அதில் பாதிதான். வேகம் ஒத்துப்போகாத பெட்டி நடுவில் புகுந்து கத்த, மற்றவையெல்லாம் பேச முடியாமல் நின்றுவிட்டன.

"என் தப்புதான்க்கா. வண்டிக்கு ஒண்ணும் ஆகலை. இப்ப கேக்க மட்டும் விடறேன், அது வாயே தொறக்காது."

வேகத்தைத் திருத்தி, கேட்பதற்கு மட்டும் என்று மாற்றி மறுபடி செருகினாள். இந்த முறை முட்கள் அசையவில்லை. திரையில் எண்கள் மளமளவென்று இறங்கின.

இருதயராஜ் ஓட்ட, பக்கத்திலிருந்த காத்ரஜ் மலைப்பாதைக்குக் கிளம்பினார்கள். ஏற்றத்தில் பஸ் வழக்கம்போலத் துவண்டது. அந்தக் கணத்தில் திரையைப் பார்த்த தமிழரசிக்கு ஆச்சரியம். டீசலிலும் குறையில்லை, எஞ்சினிலும் குறையில்லை. ஆக்ஸிலேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்ற செய்தியே எஞ்சினுக்கு வந்து சேரவில்லை. இரண்டு ஒயர்களின் பேச்சும் மொத்தமாக அறுந்து, பிறகு ஒட்டிக்கொண்டது. இருதயராஜ் ஏற்றம்தான் காரணம் என்றார். எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். ஆனால் பேச்சு அறுந்த ஒவ்வொரு தடவையும் பஸ் இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்ததைத் தமிழரசி கவனித்தாள். மலையில் ஏற்றமும் வளைவும் சேர்ந்தே வருவதால் யாருக்கும் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

கோந்த்வாவுக்குத் திரும்பியதும் வீடு கட்டாமல் கிடந்த ஒரு சமதளமான மைதானத்துக்கு வண்டியை விடச் சொன்னாள்.

"இடப்பக்கமாவே சுத்துங்கண்ணா. கொஞ்சம் வேகமா."

அவ்வளவு பெரிய பஸ் செம்மண் புழுதியில் ராட்டினம்போலச் சுற்றியது. வேலியோரம் கிரிக்கெட் ஆடியவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சுற்றின் நடுவிலேயே எஞ்சின் துவண்டது; திரை வெறுமையானது. வலப்பக்கம் சுற்றச் சொன்னாள். எவ்வளவு சுற்றியும் ஒரு செய்திகூடத் தவறவில்லை. இருதயராஜ் பிரேக் போட்டு, ஸ்டியரிங் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப ஏத்தம் இல்லியாம்மா? என் கியரும் இல்லியா?"

"ரெண்டும் இல்லண்ணா."

இடப்பக்கம் திரும்பும்போது பஸ் வலப்பக்கம் சாயும். அதனால் வலப்பக்கச் சுவரைத் திறந்து பார்க்கலாம் என்றாள். ஜன்னலுக்குக் கீழே இருந்த பலகைகளை இருவரும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். பின்சக்கரத்துக்கு மேலே, பாட்டுக்காக யாரோ பொருத்தியிருந்த ஸ்பீக்கரின் நீள ஸ்க்ரூ அந்த முறுக்கிய ஒயர்களை உரசிக்கொண்டு நின்றது. மேலுறை தேய்ந்து செம்பு தெரிந்தது. பஸ் சாயும்போதெல்லாம் செம்பு ஸ்க்ரூவில் பட்டு, எல்லாக் கணினிகளின் வாயையும் ஒரேயடியாக அடைத்திருக்கிறது.

ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, தேய்ந்த ஒயரைப் புதிதாக மாற்றி, இரும்பிலிருந்து விலக்கிக் கட்டினாள். மறுபடி மைதானத்தில் சுற்றினார்கள். பிறகு காத்ரஜ். இந்த முறை பாத்திமாவும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பஸ் ஒரே மூச்சில் மலையேறி, மேலே நின்றது.

பாத்திமா இறங்கி இருதயராஜிடம் வந்தார். தான் பேசியதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும், மகாபலேஷ்வர் வண்டி இனி அவருக்கே என்றும் சொன்னார். அவர் பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

அந்த வருடமே பாத்திமாவின் எல்லா வண்டிகளையும் பார்க்கும் வேலை தமிழரசியின் கைக்கு வந்தது. அவர் சொல்லி வேறு முதலாளிகளும் வந்தார்கள். 2009-இல் போபோடி மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஷெட் எடுத்தாள். போன் எடுக்கும் வேலையை விசாலமே கேட்டு வாங்கிக்கொண்டாள். வண்டி நின்றுவிட்டது என்று பதறிப் பேசுகிறவர்களிடம், கவலை வேண்டாம், என் மகள் வந்துகொண்டிருக்கிறாள் என்பதை, "டென்ஷன் மத் லோ, மேரி பேட்டி ஆ ரஹி ஹை" என்று தன் இந்தியில் நிதானமாகச் சொல்லுவாள்.