முதுகில் ஒரு பாரம்

தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரித் தாதியும் நானும் சேர்ந்து, வயதானவர்கள் பிடித்து நடக்க ஒரு வோக்கர் வடிவமைத்தோம். எடையைக் குறைத்ததில்தான் எங்களுக்குப் பெருமை.

முதலில் அதை வாங்கியவர், நோர்வூட் பக்கத்துத் தொழிலாளர் லயமொன்றின் வரிசை வீட்டில் இருந்த ஒரு அம்மா. கொழுந்து பறித்து ஓய்ந்தவர். கூடைக்கயிறு அழுத்திய தழும்பு நெற்றியில் அப்படியே இருந்தது. அடுத்த வாரம் போனபோது, பழைய கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு வோக்கரைப் பிடித்து நடந்துவந்தார். கூடைக்குள் கற்கள்.

"எதுக்கும்மா இந்தப் பாரம்?" என்றார் தாதி.

"முதுகு சும்மா இருந்தா பயமா இருக்குங்க மிஸ். இது இருந்தா, பின்னால யாரோ புடிச்சிக்கிட்டு வர்ற மாதிரி இருக்கு."

"வீட்டுல யாரும்மா இருக்காங்க?" என்றேன்.

"நான்தாங்க."

தாதி ஒரு கல்லை எடுத்தார். கொஞ்சநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, திரும்பக் கூடைக்குள்ளேயே போட்டார்.