மூடி திறக்காத தாய்க்கப்பல்

விவேக் நகரில் சில்வெஸ்டரைப் போல ஒரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை. ஒரு தொழிற்சாலையில் வரைபடம் போடும் டிராப்ட்ஸ்மன் வேலை. பழைய புத்தகக் கடையில் அள்ளி வந்த விண்வெளிக் கதைகளைப் படித்துவிட்டு, வானத்தில் சண்டை போடும் கப்பல்களுக்கு எங்கெங்கே பீரங்கி வைக்க வேண்டும் என்று கவலைப்படுவது அவனுடைய இன்னொரு வேலை. சொந்த வீட்டுச் சமையலறை ஒழுகிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவன் கவலைப்பட்டு நான் கண்டதில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், விண்வெளிச் சண்டை ஆட்டத்துக்காகக் கட்டம் போட்ட சார்ட் பேப்பர் விரியும். நானும் அவனும் ஒரு கட்சி. பக்கத்து வீட்டு நாகேஷ் எதிர்க்கட்சி. எங்கள் தாய்க்கப்பல், சில்வெஸ்டர் பள்ளியில் வைத்திருந்த ஜியோமெட்ரி பாக்ஸ். வானதூதர் படைக்குத் தலைவரான மிக்கேல் சம்மனசின் பெயரையே அதற்கும் வைத்திருந்தான். அதற்குள்ளிருந்து கிளம்பும் போர் விமானங்கள் சோடா மூடிகள். கப்பல் அவன் பொறுப்பு, மூடிகள் என் பொறுப்பு.

கதைகளில் வருகிற தாய்க்கப்பல்களை அவன் மதிக்கவே மாட்டான்.

"மூஞ்சில பெரிய பீரங்கிய வெச்சிகினு முன்னால போய் நிக்கிறவன் முட்டாள்டா. தாய்க்கப்பல் பின்னாலதான் நிக்கணும். அதோட ஆயுதமே அதோட விமானம்தான்" என்பான்.

மிக்கேலுக்கு அவன் கொடுத்தது கனத்த கவசமும், நெருங்கி வரும் ஏவுகணையைச் சுட்டுத் தள்ளச் சுற்றிலும் சின்னத் துப்பாக்கிகளும். நாகேஷ் தலைகீழாக நின்றும் அதைத் துளைக்க முடிந்ததில்லை. ஒரே ஓர் ஓட்டை உண்டு, அதையும் சில்வெஸ்டரே விதியாக எழுதியிருந்தான். விமானங்கள் திரும்பி வரும்போது பெட்டியின் மூடியைத் திறக்க வேண்டும். திறந்திருக்கும்வரை துப்பாக்கிகள் சுடக் கூடாது, சுட்டால் சொந்த விமானத்தின் மேலேயே படும்.

அதனால் அவன் திறக்கவே மாட்டான். எதிரி கிட்டத்தில் இருந்தால், என் மூடிகள் வாசலில் நின்று ஒவ்வொன்றாகச் சாகும்.

"வாசல்ல வந்து நிக்கிறான்டா! தெறடா பாவி!" என்று நான் கத்துவேன்.

"ஒருத்தனுக்காவத் தெறந்தா உள்ள இருக்கறவன் அத்தினி பேரும் காலி, ஓஸ்வால்ட்."

நாகேஷ் அப்படியில்லை. வெறும் சத்தமும் வெளிச்சமுமான ஒரு போலிக் குண்டை ஏதாவது மூலையில் வெடிக்கவிட்டு, எங்கள் கவனத்தை அங்கே இழுத்துவிட்டு, தன் விமானங்களை உள்ளே வாங்கிக்கொள்வான். அதற்கு நாங்கள் வைத்த பெயர் பட்டாசு. சில்வெஸ்டருக்கு அதில் ஏக நக்கல். "பண்டிகை கொண்டாடறவன்லாம் சண்டைக்கு வந்துட்டான்" என்பான். ஆட்டத்தில் ஜெயிப்பது என்னவோ சில்வெஸ்டர்தான். எனக்கு மட்டும் ஜெயித்த மாதிரியே இருக்காது.

1991 டிசம்பரில் காவிரித் தகராறு எங்கள் கன்னட ஊருக்குள் தமிழர்களுக்கு எதிரான கலவரமாக வெடித்தது. அன்று காலையிலேயே சில்வெஸ்டர் என் வீட்டுக்கு வந்து, "ரீட்டாவயும் கொழந்தயயும் எங்கூட்டுக்கு அனுப்பு" என்றான். எங்கள் சந்தில் காம்பவுண்டுச் சுவரும் இரும்பு கேட்டும் அவன் வீட்டுக்குத்தான் உண்டு. என் மனைவி ரீட்டாவும் குழந்தையும், அக்கம்பக்கத்துப் பெண்களும் பிள்ளைகளும் அங்கேதான் போனார்கள். ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டு நான் பிரேசர் டவுனில் வேலை பார்த்த பேட்டரிக் கடைக்குக் கிளம்பினேன். விதி யாரை விட்டது?

மதியத்துக்குள் கடையைச் சாத்திவிட்டார்கள். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. நடந்தேன். வழியில் தமிழ்நாட்டு நம்பர் போட்ட லாரி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபிறகு ஓடினேன்.

எங்கள் சந்து முனைக்கு வந்ததும் நின்றுவிட்டேன். எனக்கும் சில்வெஸ்டரின் கேட்டுக்கும் நடுவே ஒரு கும்பல். கையில் கட்டை, கல். தமிழர் வீடு எது என்று கதவு கதவாகத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போகவும் வழியில்லை, மெயின் ரோட்டிலிருந்து இன்னொரு கூச்சல் வந்துகொண்டிருந்தது. முனையில் நின்ற இஸ்திரி வண்டிக்குப் பின்னால் பதுங்கினேன்.

அப்போது சில்வெஸ்டரின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவன் தலை தெரிந்தது. அவனும் என்னைப் பார்த்துவிட்டான்.

திற என்று கை காட்ட நினைத்தேன். கை எழவில்லை. உள்ளே என் குழந்தை இருந்தது. கேட் ஒரு நிமிடம் திறந்தாலும் கும்பல் உள்ளே பாய்ந்துவிடும். திறக்காதே என்று காட்டவும் மனசு வரவில்லை. சாகப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். கடைசியில் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவன் தலை மறைந்தது.

எதிர்பார்த்ததுதான். என்றைக்குத் திறந்திருக்கிறான்? ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

வண்டிக்கு அடியில் தெரிந்த கால்கள் என்னை நோக்கி நகர்ந்தன. அப்போதுதான் வீடுகளுக்குப் பின்னாலிருந்து படார் என்று ஒரு சத்தம், தொடர்ந்து இரண்டு, மூன்று. யாரோ "போலீஸ்!" என்று அலறினான். பாதிப் பேர் சிதறினார்கள், மீதிப் பேர் என்னவென்று பார்க்கப் பின்சந்துப் பக்கம் ஓடினார்கள். எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அது நாகேஷ் தீபாவளிக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த அணுகுண்டு.

கேட் திறந்தது. உள்ளே நின்று கூப்பிடாமல், சில்வெஸ்டர் தெருவுக்கே வந்து நின்றான்.

"ஓடியாடா!"

ஓடினேன். பின்தங்கி நின்ற எவனோ ஒருவன் கல்லை வீசினான். என் சட்டையைப் பிடித்து உள்ளே தள்ளிய சில்வெஸ்டர், கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டபிறகுதான் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிந்தது.

இடது கண் போய்விட்டது. கோடு போடும் வேலைக்கு ஆகாது என்று அவனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அன்று பட்டாசு வெடிக்கச் சொல்லி, சில்வெஸ்டர்தான் சுவர் ஏறிப் போய் நாகேஷிடம் கெஞ்சினானாம். நாகேஷ் சொல்லித்தான் தெரியும். நான் நன்றி சொல்லப் போன போதெல்லாம், "காபி குடிச்சிட்டுப் போ" என்று பேச்சை மாற்றிவிட்டான்.

ஈஸ்டர் முடிந்து மறுபடி சார்ட் பேப்பர் விரிந்தது. சில்வெஸ்டர் இப்போது கட்டங்களைப் பார்க்கத் தலையைச் சாய்த்துக்கொள்கிறான். நாகேஷின் படை நெருங்கியது. என் கடைசி மூடி மிக்கேலின் வாசலில் வந்து நின்றது. சில்வெஸ்டர் ஜியோமெட்ரி பாக்ஸின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டான்.

"தெறக்க மாட்டேன்."

நான் கத்துவேன் என்று நாகேஷ் என் முகத்தையே பார்த்தான்.

"சரி கேப்டன்" என்றேன். செத்த மூடியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.