டவுன் ஹாலுக்குள் இழுத்துப் போனவர்

கோவை டவுன் ஹாலின் வளைவுகளை வாசலில் நின்று படமெடுக்கிறேன். "இன்னைக்குப் புதுக் கவுன்சிலருங்க பதவியேற்புங்க. வெளியாளுங்களை விட முடியாதுங்க" என்கிறார் காவலர்.

அப்போது வேனிலிருந்து பட்டுப்புடவைக் கூட்டம் ஒன்று இறங்குகிறது. மாலையோடு நிற்கும் கவுன்சிலரம்மா என் கேமராவைப் பார்த்துவிடுகிறார்.

"ஏனுங்க அம்மணி, எங்க போட்டோக்காரரு இன்னும் வரலைங்க. நீங்க வாங்க!" என்று கையைப் பிடித்து இழுக்கிறார்.

"நான் சும்மா சுற்றிப் பார்க்க வந்தவளுங்க!"

"நானும் இன்னைக்குத்தானுங்க மொத மொதல்ல உள்ள வாரேன்!"

காவலர் ஒதுங்கி வழிவிடுகிறார். உள்ளே உயர்ந்த கூரையைப் பார்த்து இருவரும் வாயைப் பிளந்து, சிரித்துவிடுகிறோம். உறுதிமொழி வாசிக்கையில் அவர் குரல் நடுங்குகிறது; நான் விடாமல் படமெடுக்கிறேன். அவர் முடித்ததும் குடும்பத்தோடு சேர்ந்து நானும் தொண்டை கிழியக் கத்துகிறேன். அவர் எந்த வார்டு என்றுகூட எனக்குத் தெரியாது.